படகு கட்டி முடித்தாயிற்று. டிரெய்லர் எது வாங்குவது?

கேள்வி: இரண்டு வருடமாக வார இறுதிகளில் உழைத்து 15 அடி பாய்மரப் படகு ஒன்றை வீட்டிலேயே கட்டி முடித்திருக்கிறேன். 6 மி.மீ. பிளைவுட், எபாக்ஸி, வெளியே ஃபைபர்கிளாஸ் துணி. நடுவில் ஏற்றி இறக்கும் சென்டர்போர்டு (படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்கத் தண்ணீருக்குள் இறக்கும் பலகை) இருக்கிறது. பாய்மரத்தின் நீளம் 6 மீட்டர். வெறும் கூட்டின் (பாய்மரமும் சாமான்களும் இல்லாத படகுடலின்) எடை 180 கிலோ என்று வரைபடத்தில் போட்டிருக்கிறது. என் கார் சின்னது. பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் 500 கிலோ வரை இழுக்கலாம் என்கிறது அதன் கையேடு. நண்பர் ஒருவர் தன்னுடைய பழைய மோட்டார் படகு டிரெய்லரைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். அது 1000 கிலோ தாங்குமாம், அதன் எடை மட்டும் 250 கிலோ. அதை எடுத்துக்கொள்ளலாமா, புதிதாக வாங்க வேண்டுமா, இல்லை நானே வெல்டிங் செய்து ஒன்று கட்டிவிடலாமா? டிரெய்லரில் படகைத் தாங்க ரோலர் நல்லதா, பலகை நல்லதா? பெரும்பாலும் உப்பு நீரில்தான் இறக்குவேன், பல நாள் தனியாக.

பதில்: அன்புள்ள நண்பருக்கு, முதலில் வாழ்த்துகள். ஆரம்பித்த படகை முடித்தவர்கள் குறைவு. தார்ப்பாய்க்கு அடியில் பாதியிலேயே நின்றுபோன படகுகளை நிறையப் பார்த்தவன் என்பதால், உங்கள் கடிதம் மனதுக்கு நிறைவாக இருந்தது.

படகு பழுதுபார்ப்பது என் தொழில். என்னிடம் வரும் சிறிய மரப்படகுகளில் அடிப்பாகம் சேதமானவற்றைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், பாறையில் மோதியவை கொஞ்சம்தான். டிரெய்லரில் இருந்தே கெட்டுப்போனவை அதிகம். வருடத்தில் 25 நாள் நீங்கள் பாய் விரித்தால் அதுவே பெரிய விஷயம். மீதி 340 நாளும் படகு படுத்திருக்கப் போவது டிரெய்லரின் மேல். தண்ணீர் ஒரு படகைத் தாங்கும்போது அடிப்பாகம் முழுவதும் பரவி, எந்த இடத்திலும் குத்தாமல் தாங்குகிறது. உங்கள் வரைபடத்தைப் போட்டவர் 6 மி.மீ. பலகை போதும் என்று முடிவு செய்தது அந்தத் தாங்கலை நம்பித்தான். ஆகவே டிரெய்லரும் கூடுமானவரை தண்ணீர் தாங்குவது போலத் தாங்க வேண்டும். நண்பரின் டிரெய்லரானாலும் புதிதானாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அதற்கும் முன்னால் எடை. வரைபடத்தில் உள்ள 180 கிலோவை மறந்துவிடுங்கள். வீட்டில் கட்டும் படகு வரைபட எடையைவிடக் கனமாக வருவதுதான் வழக்கம். மூலைகளில் கொஞ்சம் கூடுதல் எபாக்ஸி, பயத்தில் போட்ட இரண்டாவது அடுக்குத் துணி, கொஞ்சம் தடித்த சட்டம் என்று எடை சேர்ந்துகொண்டே போகும். உங்கள் கூடு 210 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். பாய்மரம், பாய்கள், கயிறுகள் 35. சென்டர்போர்டும் சுக்கானும் 25. சின்ன வெளிமோட்டாரும் எரிபொருளும் 25. நங்கூரம், சங்கிலி, மிதவை அங்கிகள் 30. சாப்பாட்டுப் பெட்டி, கூடாரம், சில்லறைச் சாமான் 25. மொத்தம் 350 கிலோ. கையில் இருப்பது 180 கிலோ படகு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். சாலையில் ஏறப்போவது அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இப்போது நண்பரின் டிரெய்லரை இதோடு கூட்டுங்கள்: 350, 250, ஆக 600 கிலோ. உங்கள் கார் 500தான் இழுக்கும். சரி, மோட்டார், நங்கூரம், சில்லறைச் சாமான் எல்லாவற்றையும் காருக்குள் ஏற்றிவிட்டால் 80 கிலோ குறையும். அப்போதும் 520. (எரிபொருள் டப்பாவை மட்டும் காருக்குள் நிரப்பி வைக்காதீர்கள். காலியாகக் கொண்டுபோய்த் தண்ணீருக்குப் பக்கத்தில் எங்காவது நிரப்பிக்கொள்ளலாம். மூடிய காருக்குள் பெட்ரோல் ஆவி சேர்வது ஆபத்து.) ஆக, நண்பரின் டிரெய்லர் கணக்கிலேயே அடிபட்டுப் போகிறது. 160 கிலோ எடையுள்ள இலகுவான டிரெய்லர் ஒன்று வாங்கினால், சாமான்களைக் காரில் ஏற்றிய பிறகு மொத்தம் 430 கிலோ. எல்லைக்குள் வந்துவிடுகிறீர்கள், கொஞ்சம் இடமும் மிச்சம். பல நாடுகளில் மொத்த எடை 750 கிலோ வரையிலான டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. அதைப் படித்துவிட்டு 750 வரை போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சட்டம் ஒன்று, உங்கள் கார் தாங்குவது இன்னொன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

கார் பெரிதாக இருந்திருந்தாலும் அந்த டிரெய்லரை வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். தாங்கும் திறன் கூடக்கூட நல்லது என்று தோன்றுவது இயல்பு. ஆனால் 1000 கிலோவுக்குப் போட்ட ஸ்பிரிங்கின் மேல் 270 கிலோ படகை வைத்தால் அந்த ஸ்பிரிங் வளையவே வளையாது. சாலையில் உள்ள ஒவ்வொரு பள்ளமும் நேராக உங்கள் படகின் அடியில் போய் இடிக்கும். வெறும் வண்டி தடதடவென்று குதித்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் குதிப்பை எல்லாம் உங்கள் எபாக்ஸி மூலைகள் வாங்கிக்கொள்ளும். டிரெய்லரின் தாங்கும் திறன் உங்கள் சுமையைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் போதும். 270 முதல் 350 கிலோ படகுக்கு, 450 கிலோ வரை சுமக்கும் டிரெய்லர் சரியாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மோட்டார் படகின் கனம் பின்னால், எஞ்சின் இருக்கும் இடத்தில். அதனால் அந்த டிரெய்லர்களில் அச்சும் பின்னால் தள்ளி இருக்கும். பாய்மரப் படகின் கனம் ஏறக்குறைய நடுவில். இதை அதன் மேல் வைத்தால் முன்கனம் அதிகமாகி, காரின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். உடனே எல்லோரும் செய்வது படகைப் பின்னால் தள்ளுவது. தள்ளினால் படகின் பின்பலகை தாங்கல் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மழைக்காலம் அப்படியே நின்றால் அடிப்பாகம் அந்த இடத்தில் கீழ்நோக்கி வளைய ஆரம்பிக்கும். வளைந்த அடிப்பாகத்தை நேராக்குவது பெரிய வேலை. பல நேரம் முடிவதே இல்லை.

நண்பரிடம் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். வேறு பழைய டிரெய்லர் கண்ணில் பட்டால் என்ன பார்ப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது, அல்லது இறுக்கம் விட்டிருக்கிறது. நடு மூடியைக் கழற்றிக் கிரீஸைத் தொட்டுப் பாருங்கள். வெளுத்துப் பால் கலந்தது போல் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். படகு டிரெய்லரின் டயர் தேய்ந்து கெடுவதைவிட வெயிலில் காய்ந்து வெடித்துக் கெடுவதுதான் அதிகம், அதனால் பட்டன் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிட வேண்டாம். கடைசியாக டிரெய்லரின் இரும்புச் சட்டத்தை அடிப்பக்கமாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். சத்தம் மழுங்கும் இடத்தில் குழாய் உள்ளிருந்து அரித்திருக்கிறது. பெயிண்ட் அடித்த சதுரக் குழாய்ச் சட்டம் உப்பு நீரில் இப்படித்தான் சாகும்: வெளியே பளபளப்பு, உள்ளே துரு. டயர், பேரிங், ஸ்பிரிங் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம். சட்டம் போயிருந்தால் அந்த டிரெய்லரைத் தொடாதீர்கள்.

உப்பு நீர் என்றால் சூடான துத்தநாகத்தில் முக்கிக் கால்வனைஸ் செய்த சட்டம் வாங்குங்கள். குழாயின் உட்புறத்திலும் துத்தநாகம் ஏறியிருக்கும் என்பதுதான் அதில் முக்கியம்.

இனி ரோலரா பலகையா என்ற கேள்வி. ஒருமுறை ஒருவர் உங்கள் படகைப் போலவே ஒரு பிளைவுட் படகைக் கொண்டுவந்தார். அடிப்பாகத்தில், ஏராவுக்கு (படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகுக்கட்டைக்கு) இருபுறமும், வரிசையாக நான்கு நான்கு குழிகள். ஒவ்வொன்றும் கட்டை விரல் புதையும் அளவு. அவருடைய டிரெய்லரில் ரப்பர் ரோலர்கள் இருந்தன. தட்டையான பலகையின் நடுப்பகுதியில், உள்ளே எந்தக் குறுக்குத் தடுப்பும் (கூட்டின் வடிவத்தைப் பிடித்து நிறுத்தும் குறுக்குப் பலகையும்) இல்லாத இடத்தில், எட்டு ரோலர்கள் எட்டு விரல்கள் போல அழுத்திக்கொண்டே இருந்திருக்கின்றன. உள்ளே ஏறிப் பார்த்தால், குழிக்கு நேர் மேலே பிளைவுட்டின் உள் அடுக்கு முடி போல விரிசல் விட்டிருந்தது. வெளியில் ஃபைபர்கிளாஸ் துணி உடையாமல் இருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி இரண்டு இடத்தில் பலகை இற்றுப்போயிருந்தது. அவர் படகைக் கல்லில் ஏற்றவே இல்லை. வீட்டுக்கு முன்னால் நிறுத்தி வைத்ததில் வந்த சேதம் அது.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது: கனம் ஏராவின் மேல் உட்காரட்டும், பக்கப் பலகைகள் சாயாமல் பிடிக்கட்டும். நடுக்கோட்டில் நான்கைந்து ரோலர்கள், இருபுறமும் நீளமான இரண்டு தாங்குபலகைகள். ஏராக்கட்டை கெட்டியான மரம், ரோலர் அழுத்தத்தைத் தாங்கும். படகை வின்ச்சில் (பட்டையைச் சுற்றி இழுக்கும் கைப்பிடி உருளையில்) இழுத்து ஏற்றும்போதும் லேசாக உருளும். ரோலர் கறுப்பு ரப்பராக இல்லாமல் பாலியூரித்தேனாக இருந்தால் அடியில் கறை பிடிக்காது. உங்கள் படகில் கெட்டியான ஏரா இல்லாமல் அடி தட்டையாக இருந்தால் ரோலர் வேண்டவே வேண்டாம். முழுக்கனத்தையும் அகலமான பலகைகளிலேயே விடுங்கள்.

இங்கேதான் கடையில் படகு வாங்கியவருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கிறது. உங்கள் கூட்டின் ஒவ்வொரு குறுக்குத் தடுப்பும் எங்கே இருக்கிறது, அதன் வளைவு என்ன என்பது மில்லிமீட்டர் சுத்தமாக உங்கள் வரைபடத்தில் இருக்கிறது. அந்த வரைபடத்தை எடுங்கள். நடுத்தடுப்பு, பின்தடுப்பு, பின்பலகை மூன்றின் அடி வளைவையும் ஒரு அட்டையில் வெட்டிக்கொள்ளுங்கள். டிரெய்லரின் குறுக்குக் கம்பிகள் நேராக அந்தத் தடுப்புகளுக்குக் கீழே வரும்படி நகர்த்துங்கள். தாங்குபலகையின் சாய்வையும் உயரத்தையும் அட்டையை வைத்துச் சரிபார்த்துப் பூட்டுங்கள். தடுப்புக்கு நேர் கீழே தாங்கினால் அந்த இடத்தில் படகு பாறை போல நிற்கும். தடுப்புக்கு அரை அடி தள்ளித் தாங்கினால் வெறும் 6 மி.மீ. பலகை மட்டுமே கனத்தை வாங்கும். தாங்குபலகைகள் பின்பலகை வரைக்கும், முடிந்தால் அதைத் தாண்டி இரண்டு விரல், நீள வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பலகையின் மேல் கம்பளம் சுற்றுவது வழக்கம். மென்மையாகத்தான் இருக்கும், ஆனால் அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். மரப்படகுக்கு உப்பு நீரைவிட மழைநீர்தான் மோசமான எதிரி. மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூஞ்சை நல்ல தண்ணீரில்தான் செழிக்கும். எப்போதும் நனைந்திருக்கும் கம்பளத்தின் மேல் ஊசித்துளை அளவு பூச்சு உடைந்த இடம் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் போதும். ஆகவே கம்பளம் போட்டால் செயற்கை இழையில், துருப்பிடிக்காத எஃகு ஆணியால் பலகையின் பக்கவாட்டில் அடியுங்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது படகைக் கொஞ்சம் தூக்கி, பலகை உட்காரும் இடத்தைத் துடைத்துப் பாருங்கள். நிறுத்தி வைக்கும்போது டிரெய்லரின் மூக்கை உயர்த்தி, பின்பக்க வடிகால் அடைப்பைக் கழற்றிவிடுங்கள். மழை பெய்தால் தானாக வடியும்.

சென்டர்போர்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடும்போது அது கீழே இறங்கி டிரெய்லரின் குறுக்குக் கம்பியில் மோதினால் போர்டும் போகும், அது ஏறி இறங்கும் பெட்டியும் போகும். கயிற்றை மட்டும் நம்பாமல் ஒரு முளையோ பட்டையோ வைத்து மேலேயே பூட்டுங்கள். நடு ரோலர் எதுவும் போர்டு இறங்கும் பிளவுக்கு நேர் கீழே வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சமநிலை. இதைப் பலரும் கண்ணால் பார்த்தே முடித்துவிடுகிறார்கள். டிரெய்லரின் மூக்கு காரின் கொக்கியை அழுத்தும் கனம் மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லரின் வால் ஆட ஆரம்பிக்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடி, காரையே இழுத்துத் திருப்பிவிடும். கூடினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரங்களின் பிடி குறையும். உங்கள் 430 கிலோவுக்கு 32 கிலோ அளவில் வையுங்கள், அதாவது ஏழரை சதவீதம். உங்கள் காரின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பது கையேட்டில் தனியாகப் போட்டிருக்கும், அதையும் தாண்டக் கூடாது.

இதை வீட்டிலேயே கணக்கிடலாம். குளியலறை எடைத்தராசு இரண்டு போதும். முதலில் படகை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படகை மட்டமாக, முன்னால் ஒரு தராசின் மேலும் பின்னால் ஒரு தராசின் மேலும் கட்டை வைத்து நிறுத்துங்கள். இரண்டு பேர் சாயாமல் விரல் வைத்துப் பிடித்துக்கொள்ளட்டும், தூக்கவோ அழுத்தவோ கூடாது. இரண்டு தராசும் காட்டுவதைக் கூட்டினால் படகின் உண்மையான எடை. முன்னால் 90, பின்னால் 120 என்று காட்டினால் படகு 210 கிலோ. இரண்டு கட்டைக்கும் இடைத்தூரம் 3.6 மீட்டர் என்றால், 120ஐ 210ஆல் வகுத்து 3.6ஆல் பெருக்குங்கள்: 2.06 மீட்டர். முன்கட்டையிலிருந்து அந்தத் தூரத்தில் இருக்கிறது உங்கள் படகின் எடைமையம். அந்த இடத்தில் பக்கவாட்டில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த நிலையில் சாலையில் போகப்போகிறதோ அந்த நிலையில் எடை பாருங்கள். பாய்மரத்தை மேலே படுக்க வைத்து, மோட்டாரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். மோட்டார் பின்பலகையில் தொங்கினால் மையம் பின்னால் போகும், கழற்றினால் முன்னால் வரும். டிரெய்லரின் அச்சிலிருந்து கொக்கி வரை 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் சேர்ந்த எடைமையம் அச்சுக்கு 30 செ.மீ. முன்னால் வரும்போது கொக்கியில் ஏழரை சதவீதம் விழும். முதல் தடவை சரியாக அமையாது, பரவாயில்லை. அச்சு யு-போல்ட்டில் பூட்டியிருக்கும் டிரெய்லராகப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்வது இதற்குத்தான். படகு தடுப்புகளுக்கு நேராகத் தாங்கலில் உட்கார்ந்த பிறகு அதை நகர்த்தக் கூடாது. நகர வேண்டியது அச்சு. கடைசி ஐந்தாறு கிலோவை மட்டும் வின்ச் கம்பத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளிச் சரிசெய்யலாம். படகு 10 செ.மீ. முன்னால் போனால் மூக்குக் கனம் சுமார் 7 கிலோ கூடும்.

காரின் கொக்கியில் உள்ள பந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 50 மி.மீ. பந்தும் உண்டு, 47.6 மி.மீ. பந்தும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். சிறிய பந்தின் மேல் டிரெய்லர் மூக்கில் உள்ள பெரிய கப்பை மாட்டினால் பூட்டியது போலவே இருக்கும். ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது கழன்றுவிடும். பந்திலும் கப்பிலும் அளவு பொறித்திருக்கும், படித்துவிட்டு மாட்டுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகள் இருந்தால் இரண்டையும் குறுக்காகப் போடுங்கள். கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழுந்து நிற்கும்.

சக்கரம் எவ்வளவு பெரிது? 8 அங்குலச் சக்கரம் படகைத் தாழ்வாக வைக்கும், இறக்க வசதி. ஆனால் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும், பேரிங் அவ்வளவு சூடாகும். 13 அங்குலம் நெடுஞ்சாலைக்கு நல்லது, ஆனால் படகு உயரமாக உட்காரும், இறக்க ஆழமான தண்ணீர் வேண்டும். தண்ணீர் பக்கத்திலேயே இருந்தால் 10 அங்குலம் போதும். ஒவ்வொரு தடவையும் தூரப் பயணம் என்றால் 12 அல்லது 13 வாங்குங்கள். உதிரிச் சக்கரம் கட்டாயம். அப்புறம் காரின் ஜாக்கியும் ஸ்பேனரும் டிரெய்லருக்குப் பொருந்துகின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பேரிங் விஷயத்தில் உப்பு நீர் மன்னிக்காது. ஓடி வந்த சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். வந்த வேகத்தில் தண்ணீரில் இறக்கினால் அந்தக் காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியாக உப்பு நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் பாய் விரித்து மகிழ்ந்துகொண்டிருக்கும்போது கரையில் நிற்கும் டிரெய்லருக்குள் துரு ஏற ஆரம்பித்திருக்கும். ஆகவே வந்ததும் அரை மணி நேரம் நிறுத்துங்கள். அந்த நேரம் வீணாகாது, பாய்மரத்தை நிறுத்திக் கயிறுகளைக் கட்ட எப்படியும் அவ்வளவு நேரம் ஆகும். ஸ்பிரிங் வைத்த பேரிங் மூடிகள் கிடைக்கின்றன. கிரீஸை லேசான அழுத்தத்தில் வைத்திருந்து தண்ணீரை உள்ளே விடாது. அவற்றில் கிரீஸை அளவுக்கு மீறி ஏற்றினால் பின்பக்கச் சீல் பிதுங்கிவிடும், நிதானமாக ஏற்றுங்கள். இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை பேரிங்கைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் போடத்தான் வேண்டும். ஒவ்வொரு தடவையும் கரை ஏறியதும் சட்டம், ஸ்பிரிங், சக்கரம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். விளக்குகளை டிரெய்லரில் நிரந்தரமாகப் பூட்டாமல், கழற்றி மாட்டும் ஒரு பலகையில் வைத்துப் படகின் பின்பலகையில் கட்டுங்கள். விளக்கும் ஒயரும் தண்ணீரையே பார்க்காது.

தனியாக இறக்குவதாகச் சொன்னீர்கள். தண்ணீருக்குள் போன டிரெய்லர் கண்ணுக்குத் தெரியாது. திரும்ப ஏற்றும்போது பக்கக் காற்று படகைத் தள்ளும், நீங்கள் ஒரு கையில் கயிறும் ஒரு கையில் வின்ச்சுமாக நிற்பீர்கள். டிரெய்லரின் பின்பக்கம் இருபுறமும் இடுப்புயரத்துக்கு இரண்டு கம்பங்கள் நட்டு, மேலே பிளாஸ்டிக் குழாய் சொருகிவிட்டால் படகு தானாக நடுவுக்கு வரும். தனியாளுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. இலகுவான படகுகளைச் சாலை டிரெய்லரின் மேல் ஒரு கைவண்டியோடு ஏற்றி, கைவண்டியை மட்டும் தண்ணீரில் இறக்கும் முறையும் உண்டு. அருமையான ஏற்பாடுதான். ஆனால் உங்கள் படகை ஈரமான சரிவில் ஒற்றை ஆளாகக் கைவண்டியில் இழுத்து ஏற்ற முடியாது.

பாய்மரத்தைப் பயணத்தில் மூன்று இடத்தில் தாங்குங்கள்: முன்னால் வின்ச் கம்பத்தின் மேல் ஒரு கவை, பின்னால் ஒரு கவை, நடுவில் படகின் மேலேயே ஒன்று. பின்கவைக்குத் தனியாக எதுவும் வேண்டாம், சுக்கான் மாட்டும் வளையங்களிலேயே சொருகும்படி ஒரு கட்டை செய்துகொண்டால் போதும். நடுவில் தாங்கல் இல்லாத பாய்மரம் சாலையில் சாட்டை போல ஆடிக்கொண்டே வரும். முன்முனை காரில் இடிக்காத அளவுக்கு இருக்கட்டும், பின்னால் நீட்டும் முனையில் சிவப்புத் துணி கட்டுங்கள்.

பாய்மரத்தை நிமிர்த்தும் முன் தலையைத் தூக்கி மேலே பாருங்கள். நிமிர்த்தும் இடத்துக்கு மேல் மட்டும் போதாது, அங்கிருந்து தண்ணீர் வரைக்கும் போகும் வழி முழுவதும் பாருங்கள். 6 மீட்டர் அலுமினியப் பாய்மரம் டிரெய்லரின் மேல் நிற்கும்போது அதன் உச்சி 7 மீட்டரைத் தாண்டும். மின்கம்பியில் பட்டு உயிர் போன விபத்துகள் இந்தப் பொழுதுபோக்கில் நடந்திருக்கின்றன. தூரத்தில் தெரியும் கம்பிதானே என்று நினைக்காமல், கம்பியே இல்லாத வேறு இடம் தேடுங்கள்.

நீங்களே வெல்டிங் செய்யலாமா என்று கேட்டீர்கள். இவ்வளவு அழகாகப் படகு கட்டியவரிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் வெல்டிங் உங்கள் தொழிலாக இல்லாவிட்டால் சட்டத்தைக் கட்டாதீர்கள். படகில் ஒரு மூட்டு விட்டால் நனைவது நீங்கள். டிரெய்லரில் ஒரு மூட்டு விட்டால் எதிரில் வரும் குடும்பம் அடிபடும். பதிவு செய்வதற்கான விதிகளும் சொந்தமாகக் கட்டிய டிரெய்லருக்குப் பல இடங்களில் கடினம். நான் சொல்வது நடுவழி. அச்சு, குறுக்குக் கம்பி, வின்ச் கம்பம் எல்லாம் போல்ட்டில் பூட்டி நகர்த்தக்கூடிய கால்வனைஸ் சட்டம் ஒன்றை வாங்குங்கள். படகு உட்காரும் மேல்பகுதி முழுவதையும் நீங்களே மரத்தில் செய்யுங்கள். அந்த வேலையை உங்கள் படகுக்கு உங்களைவிட நன்றாக யாராலும் செய்ய முடியாது. ஓட்டை போட நேர்ந்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பெயிண்ட் பூசுங்கள். கால்வனைஸ் இரும்பில் மட்டும் வெல்டிங் வைக்க வேண்டாம். துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

கட்டுவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வின்ச் பட்டை படகை இழுப்பதற்குத்தான், பயணத்தில் அதை மட்டும் நம்பக் கூடாது. அணியத்தில், அதாவது படகின் மூக்கில், உள்ள வளையத்திலிருந்து டிரெய்லருக்குத் தனியாக ஒரு சங்கிலி, பின்பலகையின் இரு மூலையிலிருந்தும் கீழ்நோக்கி ஒவ்வொரு பட்டை. அந்த அணிய வளையத்துக்கு உள்பக்கம் கெட்டியான மரக்கட்டை வைத்து, போல்ட் ஊடுருவிப் பூட்டியிருக்க வேண்டும், வெறும் திருகாணி போதாது. பட்டை படகின் விளிம்பில் உராயும் இடத்தில் துணியோ ரப்பரோ வையுங்கள். ராட்செட் பட்டையை (நெம்பி நெம்பி இறுக்கும் பட்டையை) முழு பலத்தில் இறுக்காதீர்கள். அது பிளைவுட் கூட்டைப் பிழிந்துவிடும். படகு அசையாத அளவு போதும்.

முதல் பயணத்தை நெடுஞ்சாலையில் ஆரம்பிக்க வேண்டாம். 15 கி.மீ. ஓட்டிவிட்டு ஓரமாக நிறுத்துங்கள். இரண்டு சக்கரத்தின் நடுவிலும் கை வையுங்கள். இளஞ்சூடு இருந்தால் சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் மேலே போகாதீர்கள். சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள், புதுச் சக்கரத்தில் அவை தளரும். பட்டைகளும் தளர்ந்திருக்கும். அப்புறம் குனிந்து, படகு தாங்குபலகையில் உட்காரும் கோட்டை முழுவதும் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே எங்காவது வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் கனம் விழவில்லை, வேறெங்கோ கூடுதலாக விழுகிறது. குறித்துவைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சரிசெய்யுங்கள்.

தராசில் எடை பார்த்ததும் அந்த இரண்டு எண்களையும், கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும், தடுப்புகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதையும் எழுதி அனுப்புங்கள். டிரெய்லர் வாங்கும் முன்பே, அச்சு எங்கே வர வேண்டும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.